கூரை விழாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்

என் சொல்லைத் தவிர ஊரில் எல்லார் சொல்லையும் கேட்கும் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். அங்கே உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ், மின்சாரம் எல்லாம் ஒரே வயர்லெஸ் அலைவரிசைக்கு வந்த நாளிலிருந்து உன் சுகம் தினமும் என் காதில் தானாக வந்து விழுகிறது. முந்தாநாள் இருமினாய். நேற்று வண்டி ஓட்டுநரிடம் எரிந்து விழுந்தாய். வெந்நீர் குடி, கோபத்தைக் குறை என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவியையும் பிள்ளைகளையும் நலம் விசாரித்ததாகச் சொல். அவர்களிடம் வாக்கி டாக்கி இல்லை, பாவம்.

நீ என் மேல் கொடுத்த புகாரின் நகலை என்னிடமே கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்தேன். 'மேற்படி பெண் வயர்லெஸ் இயக்குநர், அழைப்புப் பெயர் எதையும் குறிப்பிடாமல், பொது அலைவரிசையில் மரியாதைக் குறைவான விளிச்சொற்களைப் பயன்படுத்தி, ஆபத்து ஏதுமற்ற சூழ்நிலையில் பணியாளர்களை வெளியேறச் செய்தார்.' அடடா, என்ன நடை! பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதத் தெரியாமல் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றவனா இவன் என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அந்த மேற்படி யார் என்று உறைத்தது. கூடப் பிறந்தவளை மேற்படி என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? சரி, அது போகட்டும். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் கன்ட்ரோல் ரூம் மைக் சீட் எனக்குத் திரும்பக் கிடைக்கும், கொடுக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை பேட்டரி அறைதான் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று அவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அவசியம் இல்லை. உனக்குச் சொல்கிறேன், புகார் கொடுத்தவன் நீ.

பொது அலைவரிசை வருவதற்கு முன்னால் நாம் இருந்த அழகு உனக்கு மறந்திருக்காது. ஒரு லாரி கவிழ்ந்தால் உன் தீயணைப்பு வண்டி பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும், எங்கள் ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கும், போலீஸ் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையை ஆட்டும். உங்கள் வயர்லெஸ்ஸில் நாங்கள் பேச முடியாது, எங்களுடையதில் போலீஸ் பேச முடியாது. பெட்டிக்கடைக்காரர்தான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மூன்று பேருக்கும் தூது ஓடினார். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை, நடுவில் ஒரே கன்ட்ரோல் ரூம், அதில் மைக்குக்கு முன்னால் ஒருத்தி என்று முடிவானது. ஆம்புலன்ஸ் பக்கம் மைக் பிடித்தே தலை நரைத்த என்னை அந்த ஒருத்தியாக உட்கார வைத்தார்கள். நல்ல திட்டம்தான். இப்போதும் சொல்கிறேன், நல்ல திட்டம். அதைக் கெடுத்தது கமிட்டி. ஒன்றாம் எண் யாருக்கு என்று முதல் கூட்டத்தில் சண்டை. இரண்டாம் கூட்டத்திலும் அதே சண்டை. எண்ணே வேண்டாம், பறவைப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றால் போலீஸும் கழுகு கேட்டது, நீயும் கழுகு கேட்டாய். கடைசியில் யாருமே கேட்காத பறவைகளாகப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். தீயணைப்பு புறா, போலீஸ் கிளி, ஆம்புலன்ஸ் மைனா. கம்பியில் உட்காருகிறவர்கள்தானே என்று யாரோ விளையாட்டாகச் சொல்லப்போய் மின்சாரக்காரர்களுக்குக் காக்கை என்று விழுந்தது, அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள், பிறகு ஆள் விட்டுச் சமாதானம் பேசிக் குயிலாகத் திரும்பி வந்தார்கள். கன்ட்ரோல் ரூமுக்குக் கூடு என்று பெயர். அந்த மீசையை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் 'கிளி ஒன்று பேசுகிறேன்' என்று சொல்லும்போது நான் சிரிக்காமல் பதில் சொன்னேன் பார், அதற்கே எனக்கு ஒரு மெடல் தந்திருக்க வேண்டும்.

இது போதாது என்று இன்னொரு விதி. ஒரு துறை இன்னொரு துறையின் வேலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. போலீஸ்காரர் நெருப்பைப் பற்றிப் பேசக் கூடாது, ஆம்புலன்ஸ்காரர் மின்கம்பியைப் பற்றிப் பேசக் கூடாது. கண்ணில் ஏதாவது பட்டால் அதற்குப் 'பார்வைத் தகவல்' என்று பெயர். அதை முதலில் கூட்டிடம் சொல்ல வேண்டும், உரிய துறை கேட்கத் தயாரா என்று கூடு விசாரிக்க வேண்டும், தயார் என்ற பிறகுதான் வாயைத் திறக்கலாம். எங்களுக்கு யாரும் வேலை கற்றுத்தர வேண்டாம் என்று மேசையைத் தட்டி இந்த விதியைக் கேட்டு வாங்கியது யார் என்று நான் எழுதப் போவதில்லை. தட்டின கைக்குத் தெரியும்.

இனி அந்த மெத்தைக் கிடங்கு. உள்ளே நீயும் உன் ஆட்களும் குழாயோடு நிற்கிறீர்கள். பஞ்சு புகைகிறது. நான் கூட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பின்வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் கூப்பிடுகிறார். மனுஷன் தங்கமானவர், விதியை மனப்பாடம் பண்ணினவர். "கூடு, கூடு, கிளி ஏழு பேசறேன். வணக்கம் மேடம், ஓவர்." சொல்லுங்க என்றேன். "புறா ஒன்றுக்கு ஒரு பார்வைத் தகவல் இருக்கு. கேக்கத் தயாரான்னு விசாரிச்சுச் சொல்லணும், ஓவர்." விசாரித்தேன். நீ என்ன சொன்னாய்? "பணியில் இருக்கிறேன், காத்திருக்கவும்" என்றாய். காத்திருந்தோம். "கிளி ஏழு, அவசரமா?" என்று கேட்டேன். "அவசரமா இல்லையான்னு நான் சொல்லக் கூடாது மேடம், அது தீயணைப்பு தீர்மானிக்க வேண்டிய விஷயம், ஓவர்." "சரிங்க, போலீஸா சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி சொல்லுங்க, என்ன தெரியுது?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், கூரை தொப்பை போட்டுடுச்சு மேடம்," என்றார். ஓவர்கூடப் போடவில்லை.

அந்த நேரத்தில் என் வாயில் புறா வரவில்லை தம்பி. ஒன்று வரவில்லை, ஓவர் வரவில்லை. எது வருமோ அதுதான் வந்தது. "டேய்! கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டு வெளியே வாடா! இப்பவே வாடா! வர்றியா இல்லையா?" என்று கத்தினேன். ஹெட்போன் கழன்று விழுந்தது. பக்கத்து மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டது என்று சொல்கிறார்கள், அது என் குரலால் அல்ல, என் முழங்கை பட்டு.

அது பொது அலைவரிசை என்பது எனக்கு மறந்துதான் போயிற்று, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். யாரை என்று நான் சொல்லவில்லை, ஆகவே ஊரில் வாக்கி டாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் தங்களைத்தான் என்று எடுத்துக்கொண்டு, எதற்குள் இருந்தார்களோ அதற்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார்கள். உன் ஆட்கள் கிடங்கிலிருந்து வந்தார்கள். இன்ஸ்பெக்டர் முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு பக்கம் மீசை ஒதுக்கியும் மறுபக்கம் ஒதுக்காமலும் கழுத்தில் துணியோடு நடுத்தெருவுக்கு வந்தார். குயில் நான்கு கம்பத்திலிருந்து சறுக்கி இறங்கி வந்ததில் ஒரு தெருவுக்குப் பாதி விளக்கு எரிந்து பாதி எரியவில்லை. மருத்துவமனை வாசலில் நின்ற மைனா இரண்டிலிருந்து ஓட்டுநரும் உதவியாளரும் குதித்தார்கள், அவர்கள் குதிப்பதைப் பார்த்து ஸ்ட்ரெச்சரில் இருந்த கால் முறிந்தவரும் ஒற்றைக் காலில் குதித்து வெளியே வந்து, என்னப்பா, என்னப்பா என்று கேட்டாராம். ஒருங்கிணைப்பு அதிகாரி, நாங்கள் ஓவர் சார் என்று சொல்வோமே, வீட்டில் சோறு கேட்கும்போதும் கடைசியில் ஓவர் போடுகிறவர், அவர் கன்ட்ரோல் ரூம் கழிப்பறையிலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "யாரைக் கூப்பிட்டீங்க? என்னையா?" என்றார். அப்போது அவரும் ஓவர் போடவில்லை என்பதை நான் விசாரணையில் சொன்னேன், அதைக் குறிப்பில் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

இத்தனை பேர் வந்தார்கள். நீ மட்டும் வரவில்லை.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் கிடக்கட்டும். விசாரணையில் நீ எழுந்து நின்று, 'நான் உள்ளேயிருந்து நிலைமையை மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன்' என்று சொன்னாய். என்ன மதிப்பிட்டாய் என்று உன் வண்டி ஓட்டுநர் எனக்குச் சொல்லிவிட்டார். "சார் எங்களைப் பாத்து, 'அது எங்க அக்கா, அப்படித்தான் கத்தும், பயந்தவன் எல்லாம் போங்கடா'ன்னு சொல்லிட்டு குழாயைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு மேடம்." நீ வாய் திறக்காவிட்டால் ஊர் வாயை மூட முடியுமா? முன்பின் தெரியாதவன் எல்லாம் யாரோ ஒருத்தி கத்துகிறாளே, ஏதோ இருக்கும் என்று ஓடிவந்தான். யார் கத்துகிறாள் என்று தெரிந்தவன் ஒருத்தன், தெரிந்ததனாலேயே நின்றுவிட்டான். மற்ற மூன்று துறை ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா அதட்டிக் கூப்பிட்டு வந்தான் என்று பேர் வந்துவிடும் இல்லையா, அந்தப் பேருக்குப் பயந்துகொண்டு அந்தத் தொப்பைக்கு அடியில் நின்றாய். கிளி ஏழு ஒருவர் பாக்கி, ஒருவர் பாக்கி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒருவர் யார் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எனக்கு அழுகை வந்தது, மைக் திறந்திருந்ததால் அழவில்லை. இதை எல்லாம் விதியில் எங்கே எழுதுவார்கள்?

சரி, கூரை விழவில்லை. நெருப்பு அணைந்தது, நீ சட்டையில் கரியோடு ராஜா மாதிரி வெளியே வந்தாய். ஆட்கள் வெளியே வந்துவிட்டதால் மிச்ச மெத்தையும் எரிந்தது, கிடங்குக்காரர் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். எல்லாம் உண்மை. நான் தினமும் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன், ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அந்தக் கூரையைப் பார்க்கிறேன். தொப்பை அப்படியேதான் இருக்கிறது. மேலே காக்கை உட்காருகிறது. விழவில்லை. ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரியவாவது கூடாதா என்று எனக்குத் தோன்றும், உடனே, சீ, கீழே யாராவது நடந்து போவார்களே என்று இருக்கும். என் மனசாட்சியையும் என் மானத்தையும் அந்தக் கூரை ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறது. ஆனாலும் சொல்கிறேன், கூரை விழாதது என் குற்றம் இல்லை. விழுந்த பிறகு கூப்பிடுவதற்கு நான் எதற்கு? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? விழாது என்று உறுதியாகத் தெரிந்தால் கூப்பிட மாட்டேன், விழும் என்று உறுதியாகத் தெரிகிற நேரத்தில் கூப்பிட்டுப் பயன் இல்லை, நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். அதில் மரியாதையாகக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறார்கள். 'புறா ஒன்று அவர்கள் தயவுகூர்ந்து வெளியே எழுந்தருளவும்' என்றா? டேய் என்று கூப்பிட்டே வராதவன் நீ.

ஓவர் சார் தினமும் பேட்டரி அறைக்கு வந்து, "அம்மா, ரெண்டே வரி. எழுதிக் குடுத்துட்டு சீட்ல போய் உக்காருங்க, ஓவர்," என்கிறார். முடியாது சார், ஓவர், என்கிறேன். அவர் போய்விடுவார். பேட்டரி அறை எப்படி என்று கேட்டால், கட்டடத்துக்குப் பின்புறம், ஜெனரேட்டர் பக்கத்தில், நாலு சுவரிலும் பலகை அடித்து வாக்கி டாக்கிகளை வரிசையாகச் சார்ஜுக்குச் செருகி வைத்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கு பச்சையானதும் எடுத்து, அடுத்ததைச் செருக வேண்டும். இதுதான் வேலை. எல்லாம் உயிரோடு இருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகிறது. நீ ஒரு தரம் இருமினால் எனக்கு நாலு சுவரும் இருமுகிறது. கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. உன் மாமா சொல்கிறார், "நான் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானே இருக்கேன், பழகிடும்" என்று. அவருக்கு வாய் இருக்கிறதே இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

என் சீட்டில் இப்போது போலீஸ் தட்டச்சுப் பிரிவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். பட்டுப் போன்ற குரல். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயவுசெய்து. அலைவரிசை முழுவதும் அவருக்குத் தயவுசெய்து என்றே பெயர் வைத்துவிட்டது. உனக்கு இனி அவர்தான். மரியாதைக் குறைவே இருக்காது. சந்தோஷமாக இரு.

ஆகவே தம்பி, என் முடிவு இதுதான். மன்னிப்புக் கேட்க மாட்டேன். இரண்டு வரி இல்லை, இரண்டு எழுத்துக்கூட எழுத மாட்டேன். இந்த விஷயத்தில் உன் மனைவியைத் தூது அனுப்பாதே, அவள் வந்தால் சாப்பாடு போட்டு அனுப்புவேன், பதில் சொல்ல மாட்டேன். நீயே வந்தாலும் அதேதான். ஓய்வு பெறுகிறவரை பேட்டரி மாற்றுவேன், மாற்றி மாற்றி விரல் தேய்ந்தாலும் தேயட்டும். வீம்பு என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும், வீம்புதான்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். பெரியவனை என் கன்னத்தில் முத்தம் ஒன்று கொடுப்பதாக நினைத்துக்கொண்டு உன் கன்னத்தில் கொடுக்கச் சொல். உனக்கும் நூறு ஆயுசு என்று எழுதுகிறேன், நீ கேட்காவிட்டாலும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு, ஒட்டாமல் கைப்பையில் வைத்திருந்தேன். இன்று காலை துணிக்கடை நிலவறையில் தண்ணீர் புகுந்து நீயும் உன் ஆட்களும் பம்போடு கீழே இறங்கினீர்கள் அல்லவா, நான் பேட்டரி அறையில் இருந்தேன். ஏதோ ஒரு கிளி, 'பார்வைத் தகவல்' என்று ஆரம்பித்தது. தயவுசெய்து, "சற்றே பொறுங்கள், உரிய துறை தயாரா என்று விசாரித்துச் சொல்கிறேன், தயவுசெய்து," என்றார். எனக்குக் கையில் இருந்த பேட்டரி நழுவியது. மெயின் ஸ்விட்ச் பலகை அந்த நிலவறைச் சுவரில்தான் இருக்கிறது, அந்தக் கடைக்கு நான் எத்தனை தரம் போயிருக்கிறேன்! கத்தலாம் என்றால் மைக் இல்லை. அப்போது உன் குரல் வந்தது. அழைப்புப் பெயர் இல்லை, வணக்கம் இல்லை, நாலு சுவரிலிருந்தும் வந்தது. "சீட்ல எங்க அக்கா இருக்காளா?"

"அழைப்பவர் தயவுசெய்து தங்கள் அழைப்புப் பெயரைக் கூறவும், ஓவர்," என்றார் அவர். நீ அதைக் காதில் வாங்காமல், "அக்கா இல்லையா? அப்போ நாங்க மேல ஏறிடறோம். குயில் வந்து கரண்டை நிறுத்தற வரைக்கும் கீழ எறங்க மாட்டோம்," என்றாய். ஏறிவிட்டாய். உன் ஆட்கள் எண்ணிச் சொன்னார்கள், எல்லாரும் மேலே என்று. எனக்கு அங்கே மைக் இல்லை, அதனால் நன்றாக அழுதேன்.

நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் அன்றைக்கு உள்ளே நின்றாயா, மடையா? இதை உன் மாமாவிடம் சொன்னால், "அப்படிப் பாத்தா நீ சீட்ல இல்லாம இருக்கறதுதான் அவனுக்குப் பாதுகாப்பு," என்று நியாயம் பேசுகிறார். அவரை யார் கேட்டது? நீ கேட்டது என்னை அல்லவா! மதியம் ஓவர் சார் வந்தபோது இரண்டு வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். 'நடந்ததற்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது.' இரண்டு வரியும் பொய். அவருக்கும் தெரியும், வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்மா," என்றார். ஓவர் போடவில்லை. நாளைக் காலையிலிருந்து சீட்டில் இருப்பேன். கூப்பிட்டால் வா.

இன்னொன்று. பொது அலைவரிசையில் உறவுமுறை சொன்னதற்காக உன்னையும் மன்னிப்பு எழுதித் தரச் சொல்லிக் கடிதம் வரும், தயவுசெய்து ஏற்கெனவே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். என்னுடையதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடு. மாட்டேன் என்று நிற்காதே. வீம்புக்கு நம் குடும்பத்தில் நான் ஒருத்தி போதும்.